நாணிய நடுவன்

டா ஆறும் டாரிட்ஜ் ஆறும் கூடிக் கடல்புகும் கழிமுகத்தில், புல்வேய்ந்த கூரையோடு ஆட்டக்களம் உடைய இன்ஸ்டோவே! டெவன் நாட்டுச் சிற்றூரே! உன் தெருவில் நடந்தவன் எங்கே? உடன்பிறந்தவன் நடத்திய அஞ்சலகத்தில் கைகொடுத்து நின்றவன் எங்கே? 2009 அக்டோபர் 27 அன்று, 68 வயதில், அவனைப் புற்றுநோய்க்குக் கொடுத்தாய். கொடுத்த பின்னும் உன் கழி நீர் வேளை தவறாது ஏறுகிறதே, வற்றுகிறதே! அதற்கு எப்படி மனம் வந்தது?

பருத்த மேனி, சிவந்த கன்னம், வெள்ளை அங்கி. டேவிட் ஷெப்பர்ட் என்பது பெயர். கிரிக்கெட் உலகம் ஷெப் என்றே அழைத்தது. 1965இல் குளொஸ்டர்ஷயர் அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே சதம் கண்டவன் அவன். ஆயினும் மட்டை பிடித்த கை தந்த புகழ் சிறிது. மட்டையை வைத்துவிட்டு நடுவனாக உயர்த்திய விரல் தந்ததே பெரிது.

பலகையில் 111 என்று எண் விழுந்தால் ஆங்கிலேயர் அதை நெல்சன் என்பர், தீய எண் என்பர். அந்த எண்ணும் 222, 333 என அதன் மடங்குகளும் நிற்குமளவும் ஷெப்பின் இரு பாதமும் ஒருங்கே நிலம் தோய்ந்ததில்லை. ஒரு காலைத் தூக்குவான், சிறு குதி குதிப்பான், அரங்கமே ஆர்க்கும். பதின்மூன்றாம் நாள் வெள்ளியில் வந்தால் விரலில் ஒரு தீக்குச்சியைக் கட்டிக்கொள்வான். மரம் தொட்டிருந்தால் கேடு அண்டாது என்பது அந்நாட்டார் நம்பிக்கை. நகைப்பவர் நகைக்கட்டும். ஊழை அஞ்சுகிறவன் தன் கண்ணையும் முழுதாக நம்பமாட்டான். நடுவன் இருக்கைக்கு வேண்டிய அச்சம் அது.

1996இல் லாகூர், 1999இல் லார்ட்ஸ், 2003இல் ஜோகனஸ்பர்க் என மூன்று உலகக்கோப்பை இறுதிகளில் நின்றான். 1999 எட்ஜ்பாஸ்டன் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213 என்ற ஒரே எண்ணில் முட்டி நின்றன. தென்னாப்பிரிக்காவின் டொனால்ட் மட்டையை நழுவவிட்டு ஓடிய அந்தப் பொழுதில் களத்திலிருந்த நடுவர் இருவர்: ஒருவர் நம் சென்னை வெங்கட்ராகவன், மற்றவன் இவன். 92 டெஸ்ட். எண்ணிக்கை இருக்கட்டும்.

ஓல்ட் டிராஃபோர்டைச் சொல்லாமல் உனக்கு இரங்கல் ஏது, ஐய?

2001 ஜூன், மான்செஸ்டர், ஐந்தாம் நாள். பாகிஸ்தான் வைத்த இலக்கு 370. டிரெஸ்கோதிக் சதம் அடித்தும் மாலையில் விக்கெட்டுகள் சரிந்தன. 261இல் இங்கிலாந்து முடிந்தது. அவற்றுள் சக்லைன் முஷ்டாக் வீழ்த்திய மூன்று விக்கெட்டுகள் நோபாலில் விழுந்தவை. பாதம் கோட்டைக் கடந்ததை நீயும் காணவில்லை, உடன் நின்ற எடி நிக்கல்ஸும் காணவில்லை. தொலைக்காட்சி கண்டது, திரும்பத் திரும்பக் காட்டியது. நடுவன் வேலை அறியாதார்க்கு ஒன்று சொல்வேன். காலடியில் உள்ள சுண்ணக் கோட்டை நோக்கிய கண், பாதம் ஊன்றிய அக்கணமே நிமிர்ந்து 22 கஜத்துக்கு அப்பால் மட்டையின் விளிம்பைத் தொடவேண்டும். நாலடி வைத்து வரும் சுழற்பந்து வீச்சாளன் கோடு தாண்டுவான் என்று எவரும் எளிதில் எண்ணார். கண்ணுக்கு அது பொறி.

இந்நியாயத்தை உனக்காகப் பிறர் சொன்னார்கள், நீ சொல்லவில்லை. அங்கியைக் கழற்றிவிடவே எண்ணினாய். போகாதே என்று எங்கெங்கிருந்தோ வந்த செய்திகளே உன்னை நிறுத்தின. ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், சிலம்பின் பரல் தெறித்தபோதே அரியணையில் வீழ்ந்தான். அவன் நாண் ஒரு நொடியில் முடிந்தது. உனக்கோ அந்தப் பேறும் இல்லை. பிழைத்த கண்ணையே சுமந்துகொண்டு, அடுத்த ஆட்டத்தில், அதே சுண்ணக் கோட்டருகே, பல்லாயிரவர் பார்க்க நீ குனிந்து நிற்கவேண்டியிருந்தது. எது கடிது என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

நீ களம் நீங்கிய பின் நடந்தவை கேள். 2006இல் ஓவலில் பாகிஸ்தான் பந்தைச் சிதைத்ததாக நடுவர் டேரல் ஹேர் ஐந்து ரன் தண்டம் விதித்தார், தேநீருக்குப் பின் அவ்வணி உரிய வேளையில் களம் புகவில்லை, ஆட்டம் பறிபோனது. அந்த முடிவைக்கூட 2008இல் டிரா என்று திருத்தி, 2009இல் பழையபடி இங்கிலாந்துக்கே வெற்றி என்று மாற்றி எழுதினார்கள். 2008 சிட்னியில் 30 ரன்னில் பின்னே பிடிபட்ட ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸ் நின்றார், நடுவர் பக்னர் விரல் எழவில்லை, 162 வரை ஆடினார். அணிகள் வழக்காடின, வாரியங்கள் உறுமின, பக்னரை அடுத்த டெஸ்டிலிருந்து விலக்கி ஐ.சி.சி. தொடரைக் காத்தது. எங்கும் உரத்த குரல். உன்னைப்போல் ஒருவன் தனியே அமர்ந்து தன்னை நொந்ததாக அந்நாளில் ஒரு செய்தியும் என் காதுக்கு எட்டவில்லை.

இன்னும் கேள். 2020 ஆகஸ்டில் முன்கால் நோபாலை மூன்றாம் நடுவரே திரையில் பார்த்துச் சொல்லும் முறை முதன்முதலாக டெஸ்டுக்கு வந்தது. எந்தக் களத்தில்? அதே ஓல்ட் டிராஃபோர்டில். எவர்க்கிடையே? அதே இங்கிலாந்துக்கும் பாகிஸ்தானுக்கும். பத்தொன்பது ஆண்டு பிந்திய அருளே, கொடியை நீ! அது நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் திரைமுன் அமர்ந்த கண்ணுக்கு 111இல் தூக்க ஒரு கால் உண்டோ?

விடைபெறும் ஆண்டில் உனக்காக விதியையே தளர்த்த முன்வந்தார்கள். சொந்த நாட்டான் சொந்த நாட்டு டெஸ்டில் நிற்கலாகாது என்பது அதற்குள் வந்துவிட்டிருந்த விதி. அதை விலக்கி, 2005 ஆஷஸில் ஒரு டெஸ்ட் நிற்கச் சொன்னார்கள். நீ மாட்டேன் என்றாய். வேறு எவனேனும் மறுப்பானா, ஐய? அந்தக் கோடையில் இங்கிலாந்தே ஆஷஸில் பித்தேறிக் கிடந்தது. உனது கடைசி டெஸ்டோ அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், கடல்கடந்த கிங்ஸ்டனில், மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே முடிந்துபோனது. நன்றி எழுதிய மட்டை ஒன்றை மேற்கிந்தியத் தீவுகளின் லாரா உன் கையில் கொடுத்தான்.