யஹூதி என்று ஏசிய பிள்ளையும் ஒரு பாட்டும்



போன கிழமை தரம் 11இல் ஒரு பிள்ளை, வாங்கிய பேனையைத் திருப்பிக் கொடுக்காத கூட்டாளியைப் பார்த்து "நீ யஹூதிடா" என்றான். வகுப்பே சிரித்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். காஸாவைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன பிள்ளைகள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் நம்மைப் பார்த்த பார்வைகள் இரவுதான் ஞாபகம் வந்தன. கூடவே ஏபல் மீரோபோலும்.

அவரும் என்னைப் போல ஆங்கிலம் படிப்பித்தவர். நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அரச பாடசாலை. ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்களின் மகன். 1930இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு கூட்டம் கறுப்பின இளைஞர்கள் இருவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து அடித்து மரத்தில் தூக்கியது. கீழே நின்று புகைப்படத்துக்கு முகமும் காட்டியது. அந்தப் படத்தைக் கண்டவர் பல நாட்கள் நிம்மதியில்லாமல் இருந்தார். பிறகு எழுதிய கவிதை 1937இல் ஆசிரியர் சங்கச் சஞ்சிகையில் வந்தது. மெட்டும் அவரே போட்டார். மரத்தில் தொங்கும் உடல்களைப் பழங்களாகச் சொல்லும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்' அதுதான்.

1939இல் கறுப்பினப் பாடகி பில்லி ஹொலிடே அதைப் பாடினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய கஃபே சொசைட்டி என்ற இடத்தில். பெரிய இசைத்தட்டு நிறுவனம் பதிவுசெய்யப் பின்வாங்கியது. கொமடோர் என்ற சின்ன நிறுவனம் துணிந்தது. அந்த விடுதியை நடத்திய பார்னி ஜோசஃப்சனும் கொமடோரின் மில்ட் கேப்ளரும் யூதர்களே.

அமெரிக்கப் பாட்டுத்துறையில் யூதர்கள் நிறைந்திருந்தது தற்செயலல்ல. பழைய தொழில்கள் பல கதவைச் சாத்தியபோது, புதிதாக வளர்ந்த பாட்டுத் தொழில் அவர்களுக்குத் திறந்திருந்தது. இர்விங் பெர்லின், ஹெரல்ட் ஆர்லன் இருவருடைய வாப்பாமாரும் யூத ஆலயத்தில் இராகமிட்டு ஓதி வணக்கம் நடத்தியவர்கள். வீட்டிலேயே ஓதல் கேட்டு வளர்ந்த காதுகள். நமக்கு விளங்காத விஷயமா?

மீரோபோல் மதப்பற்றுக்காரர் அல்ல, இடதுசாரி. இந்தப் பாட்டை எழுதக் கம்யூனிஸ்ட் கட்சி காசு தந்ததா என்று மாநில விசாரணைக் குழு அவரைக் கேட்டது. 1953இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ரோசன்பேர்க் தம்பதியின் இரண்டு ஆண்பிள்ளைகளையும் அவரும் மனைவியும்தான் எடுத்து வளர்த்தார்கள்.

நேற்று வகுப்பில் அதைக் கவிதையாக வாசித்தேன். பாட்டாகப் போடவில்லை, இசை பற்றிய மார்க்க விவாதத்தை கமென்ட்டில் தொடங்கவேண்டாம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எழுதியவர் யஹூதி என்றேன். போன கிழமை நான் வாய் மூடியிருந்தது பிழை என்றும் சொன்னேன்.

பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "அப்ப காஸா, சேர்?"

அது அநியாயம்தான் மகன், அதை எதிர்த்து நியூயோர்க் வீதியில் இறங்கிய யஹூதிகளும் இருக்கிறார்கள் என்றேன். அவன் இன்னும் ஏதோ கேட்க எழும்பினான். மணி அடித்துவிட்டது. நாளைக்கு முதல் பாடம் அவர்களுக்குத்தான்.