மறைத்ததும் சொன்னதும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, நம்மிடம் படித்த பையன் ஒருவனுடைய தாயார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரும்படி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "சார், இவனுக்கு எங்கேயாவது ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள். என்ன வியாதி என்று மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது" என்றார். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது.

பையனுக்கு அப்போது வயது 18. பன்னிரண்டாம் வகுப்பு அரைப் பரீட்சைச் சமயத்தில், யாரோ தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வது போல் அவன் காதில் கேட்கத் தொடங்கிற்று. முதலில் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், கடைசியில் மனோவைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். மாத்திரையில் குரல்கள் அடங்கின. பரீட்சையிலும் ஒருவாறு தேறினான். மனோவியாதிகளில் பாதி, 14 வயதுக்குள்ளாகவே தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்கிறார்கள். அதாவது, மற்றப் பிள்ளைகள் வேலைக்கு மனுப் போடும் வயதில் இவர்கள் மருந்துச் சீட்டும் கையுமாக நிற்கிறார்கள்.

இனி நாம் செய்த பிழையைச் சொல்லவேண்டும். தாயாரின் வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஒரு ஜவுளிக் கடையில் அவனைச் சேர்த்துவிட்டோம். "நல்ல பையன், கொஞ்சம் சங்கோஜி" என்று மட்டும் சொன்னோம். அது பொய்யல்ல; ஆனால் உண்மை முழுவதும் அல்ல. இரவில் அவன் சாப்பிடும் மாத்திரை, காலை ஒன்பது மணி வரையில் தலையைத் தூக்கவிடாது. கடையிலோ எட்டரைக்கு வந்தாக வேண்டும். மூன்று நாள் தாமதமாகப் போனான். "சோம்பேறி" என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்துக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். இரண்டு வாரம் சரியான நேரத்துக்குப் போனான்; எல்லோரும் மெச்சினார்கள், நாமும் மெச்சினோம்! மூன்றாவது வாரத்தில் குரல்கள் திரும்பி வந்தன. வேலை போயிற்று, தேறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. கடைக்காரர் மேல் நாம் குறை சொல்ல வழியில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் அல்லவா, பத்து மணிக்கு வரச்சொல்லி இருப்பார்?

அதற்குப் பிறகுதான் நாம் இவ்விஷயத்தைப் பற்றிப் படித்துப் பார்த்தோம். (இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.) சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரையில் தலைவராக இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் தொழில் செய்வதற்கென்று அங்கே தனிக்கூடம் ஏற்படுத்தினார், 1984-ல் மனச்சிதைவு நோய்க்காக 'ஸ்கார்ப்' என்னும் ஸ்தாபனத்தையும் தொடங்கினார். மருந்தோடு வேலையும் வேண்டும் என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் 1990-களில் டிரேக், பெக்கர் என்னும் இருவர் வேறொரு முறையை வகுத்தார்கள். வருஷக்கணக்காகப் பயிற்சி கொடுத்து, பிறகு வேலை தேடுவதற்குப் பதிலாக, ஆள் விரும்புகிற நிஜமான வேலையில் முதலில் அமர்த்திவிட வேண்டும். பிறகு துணைக்கு ஒருவர் அவனை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் முதல் பாதியைச் செய்தோம். இரண்டாவது பாதியை விட்டுவிட்டோம்.

இந்தத் தடவை பையனையே கேட்டோம். சற்று யோசித்து, "பீங்கான் பட்டறைக்குப் போகிறேன், சார். அங்கே கூட்டம் இராது. சொல்லிவிடுங்கள், ஆனால் வியாதியின் பெயர் வேண்டாம்" என்றான். எவ்வளவு சொல்வது என்பதை அவனே தீர்மானித்தது நமக்கு நிம்மதியாக இருந்தது.

நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் வேலையை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்கிறோம். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் ஏடு படியும். போதிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, மண் இறுகும் வரையில் காத்திருந்து அச்சைப் பிரிப்பார்கள். பிறகு பொம்மையின் ஓரத்தைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவைத்தால், அப்புறம் சூளைக்காரர் பாடு. பேச்சுக் குறைவு, அவசரப்படுத்தினாலும் அச்சு அவசரப்படாது.

பட்டறை முதலாளியிடம் நாம் சொன்னது மூன்றே விஷயம். இவனுக்கு மனம் சம்பந்தமான சிகிச்சை நடக்கிறது. காலை பத்து மணிக்குத்தான் வர முடியும். இவன் மருந்துக்கு உஷ்ணம் ஆகாது, ஆகையால் சூளைப் பக்கம் விடவேண்டாம். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாத்தியாரே, என் தங்கைக்கும் இப்படித்தான் இருந்தது. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை" என்றார். அதற்கு மேல் நாமும் கேட்கவில்லை. "பத்தரைக்கு வரட்டும்" என்று முடித்துவிட்டார்.

எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமைதோறும் தேநீர் வேளையில் நாம் பட்டறைக்குப் போய்வருகிறோம். இடையில் ஐந்து நாள் அவன் வரவில்லை. கைநடுக்கத்தில் இரண்டு அச்சுக்களை உடைத்தும் இருக்கிறான். ஓர் இரவு குரல் கேட்பது போலிருக்கவே, அவனாகவே 14416 என்ற எண்ணுக்குப் பேசினானாம். 2022 முதல் நடந்துவரும் அந்தச் சர்க்கார் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம். மறு நாள் வைத்தியரிடம் போனான், மாத்திரையை நிறுத்தவில்லை.

இன்னும் ஒரு காரியம் பாக்கி. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயையும் ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்து, சர்க்கார் உத்தியோகங்களில் 100-க்கு 4 இடத்தை ஒதுக்கியிருக்கிறது. அதில் ஓர் இடம் மனநோய் முதலிய சிலவற்றுக்கு உரியது. ஆனால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் என்றதும் தாயார் மறுபடியும் வாசலிலேயே நின்றுவிட்டார். "பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், சார்" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. விண்ணப்பத்துக்கு வேண்டிய புகைப்படமும் வைத்தியர் சீட்டும் நம் மேஜை அறையில் இருக்கின்றன. அம்மா சரி என்று சொல்லட்டும் என்று பையன் காத்திருக்கிறான்.