அண்ணன், தம்பி, ஒரு ரப்பர் படகு

கூட்டுக் குடும்பம் ஒழிந்துபோய்விட்டது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் வேன் வாடகைக்கு எடுத்ததில்லை என்று நினைக்கிறேன். ஒரே ஒரு வேன் எடுத்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் கூட்டுக் குடும்பம் தானாக வந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிடும்.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கும் சரி, சென்னைக்காரர்களான எங்களுக்கும் சரி, ரயில் திங்கட்கிழமை ராத்திரிதான். நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடந்தது. "மருதமலை போகலாம்" என்றாள் அம்மா. "பேரூர்" என்றாள் பெரியம்மா. என் பிள்ளைகள் இருவரும் தரையில் உட்கார்ந்து "வாட்டர் தீம் பார்க்" என்றார்கள். முருகனும் சிவனும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

டிரைவரையும் சேர்த்துப் பதினொரு பேர். கிரிக்கெட் டீம் மாதிரி. என்ன, எங்கள் டீமில் இரண்டு கேப்டன்.

முதல் கேப்டன் பெரியப்பா. வயது அறுபத்தெட்டு. ரிடையர்டு தாசில்தார். ரிடையர் ஆனது ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. இரண்டாவது கேப்டன் என் அப்பா. அறுபத்துநாலு வயது, பேங்கில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் பணத்தை எண்ணியவர். இரண்டு பேரும் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. காரணம், அம்பாசமுத்திரத்தில் உள்ள பூர்வீக வீடும் அதன் கொல்லையில் உள்ள ஒரு கிணறும். வீட்டை இரண்டாக வெட்டிவிடலாம். கிணற்றை எப்படி வெட்டுவது?

இதில் மூன்றாவது ஆள் அத்தை. இந்த இரண்டு பேரோடும் பிறந்தவள். புருஷன் போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. குழந்தை குட்டி கிடையாது. அந்த வீட்டின் பின்கட்டில், அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். வீட்டை விற்றுப் பணமாகப் பிரிக்கலாம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அத்தை இரண்டு அண்ணன்மாருக்கும் விரதச் சாப்பாடு மாதிரி உப்பில்லாமல்தான் பதில் சொல்கிறாள்.

நாலாவது, என் மச்சினன். கோயம்புத்தூர்வாசி. வேன் அவன் ஏற்பாடு. இரண்டு வருஷம் துபாயில் இருந்தவன், ஆனால் துபாய் இன்னும் அவனுக்குள் இருக்கிறது. அவிநாசி ரோட்டு மேம்பாலத்தைக் காட்டினால், "துபாய்ல இதுமாதிரி பாலத்துல ஆடு மேய்ப்பாங்க அத்தான்" என்பான்.

மேட்டுப்பாளையம் கோயம்புத்தூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். காரமடை தாண்டியதும் எதிரே நீலகிரி திடீரென்று ஒரு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ஊருக்குள் உருளைக்கிழங்கு மண்டிகள். மூட்டை மூட்டையாக மலையிலிருந்து இறங்கிய கிழங்கு. ஊரைத் தாண்டினால் பவானி ஆறு, அப்புறம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. வெயில் உள்ளே நுழையப் பர்மிட் வாங்க வேண்டும் போல அப்படி ஓர் அடர்த்தி. இதையெல்லாம் நான் பார்க்கவிடாமல் என் இரண்டு காதிலும் இரண்டு கேப்டன்கள்.

ஸ்டேஷன் பக்கம் வந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார். "ஏலே, இங்கேருந்துதான் ஊட்டிக்கு மலை ரயில். வெள்ளைக்காரன் 1908-ல போட்டது."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "1908-ல ஊட்டி. குன்னூர் வரைக்கும் 1899-லேயே ரயில் வந்தாச்சுன்னு சொல்லுடா."

"பெரியப்பா, 1899-ல..."

"காதுல விழுந்துச்சு. 46 கிலோமீட்டர்ல 208 வளைவு, 250 பாலம், 16 குகைன்னு உங்க அப்பன்கிட்ட சொல்லு."

"2005-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சான்னு அவர்கிட்ட சொல்லு."

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலை ரயிலில் ஒரு விசேஷம் உண்டு. கல்லாறு தாண்டினதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்கிற கணக்கில் செங்குத்தான ஏற்றம். தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுப்பல்லாய் இருக்கும் இரும்புப் பட்டையைப் பல்சக்கரத்தால் கவ்விக் கவ்வி ஏறும். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். எங்கள் குடும்பத்தில் அந்த இன்ஜின் உத்தியோகம் அத்தைக்கு. சத்தம் போடாமல், பின் சீட்டில் மூன்று தூக்குச்சட்டிப் புளியோதரையோடு உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் போன பார்க் ஊட்டி ரோட்டில், மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் எடிட்டர் விளம்பரக் கட்டணம் கேட்பார். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று வாசலிலேயே போர்டு. அத்தை போர்டைப் படித்தாள். தூக்குச்சட்டியைத் திறந்தாள். "வெளியில இருக்கிற வரைக்கும் இது வெளிச் சாப்பாடு. வயித்துக்குள்ள போயிட்டா எந்தச் சட்டமும் கிடையாது" என்றாள். காலை பத்து மணிக்கு ஒரு வேப்பமரத்தடியில் மத்தியானச் சாப்பாடு முடிந்தது. செக்யூரிட்டிக்கும் ஒரு தொன்னை. சட்டம் தெரிந்த தாசில்தார் வாய் திறக்கவில்லை.

இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் தாத்தா அமெரிக்காவின் டிஸ்னிலாண்ட். வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்களை லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போவாராம். பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஏன் ஓர் இடம் இல்லை என்று அங்கேதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் திறந்தார். அன்றைக்குக் கள்ள டிக்கெட்டில் ஏகப்பட்ட கூட்டம். புதிதாய்ப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் பதிந்தது. குழாய்த் தொழிலாளர் ஸ்டிரைக்கால் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு. மொத்தத்தில் நம் ஊர்க் கல்யாணம்தான், நாதஸ்வரம் மட்டும் இல்லை. நம் நாட்டில் டில்லியில் அப்பு கர் 1984-லும், பம்பாயில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989-லும் வந்தன.

உள்ளே போனதும் ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. தண்ணீரில் இறங்க நைலான் உடை கட்டாயம். பருத்தியின் நூலும் பஞ்சும் ஃபில்டரை அடைத்துவிடுமாம். வேட்டி, கதர்ச் சட்டை, பாக்கெட் பேனா, மூக்குக் கண்ணாடி எல்லாம் லாக்கருக்குள் போயின. இரண்டு நிமிஷம் கழித்து, முப்பது வருஷம் பட்டா சிட்டா பார்த்த தாசில்தார், பச்சைக்கிளி படம் போட்ட வாடகை அரை டிராயரில் வெளியே வந்தார். பின்னாலேயே என் அப்பா. அவருக்கு அன்னாசிப்பழம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உடனே இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஆனால் பெரியப்பாவின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அதிகாரம் என்பது பாதி துணியில் இருக்கிறது, ஸார். சந்தேகமிருந்தால் உங்கள் மானேஜரை ஒரு நாள் கிளி டிராயரில் கற்பனை பண்ணிப் பாருங்கள்.

மச்சினன் ரோலர் கோஸ்டருக்குப் போனான், "துபாய்ல..." என்று ஆரம்பித்து. வரும்போது அவனிடமிருந்து துபாய் கழன்று போயிருந்தது. அந்த வண்டியில் இன்ஜினே கிடையாது. ஒரு சங்கிலி முதல் மேட்டின் உச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அப்புறம் பூமியின் இழுப்பில் அதுவாக ஓடும். 1884-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் தாம்ஸன் என்பவர் போட்டபோது டிக்கெட் ஐந்து சென்ட், வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர். எங்கள் கிணற்றுத் தகராறும் இதே தொழில்நுட்பம்தான். ஒரு வக்கீல் நோட்டீஸ் முதல் மேட்டுக்கு ஏற்றிவிட்டது. அப்புறம் ஆறு வருஷம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே பிரேக் போட ஆள்தான் இல்லை.

பிரேக் போட்டது யார் தெரியுமா? ரப்பர் படகு விடும் பையன். இருபது வயசு இருக்கும், வாயில் விசில்.

வட்டமான பெரிய ரப்பர் படகு. நாலு பேர் முதுகை வெளிப்பக்கம் வைத்து, முகம் பார்த்து உட்கார வேண்டும். நான், மச்சினன், பெரியப்பா மூன்று பேர் நின்றோம். "இன்னொரு ஆள்" என்றான். அப்பா பத்தடி தள்ளி, மலையைப் பார்ப்பதாகப் பாவனை. பையன் அவரைப் பிடித்தான். "ஐயா வாங்க."

"நாங்க அடுத்ததுல வரோம்பா" என்றார் அப்பா, பன்மையில்.

"அப்படியெல்லாம் ஆகாதுங்கய்யா. ஒரு பக்கம் வெயிட் ஜாஸ்தியானா சாஞ்சிரும். கனமான ஆளு ரெண்டு பேரு எதிரெதிரா உக்காரோணும்."

அவனுக்கு வக்கீல் நோட்டீஸ் தெரியாது. கிணறு தெரியாது. மூத்தவர் யார், பேசாமல் இருப்பது யார் என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம் எடை மட்டும். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார்த்தினான். முட்டிக்கு முட்டி இடித்தது. பக்கத்துப் போர்டில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று இருந்தது. "எனக்குச் சுகர் மட்டும்தான்லே" என்று பெரியப்பா என்னிடம் சொன்னார். பார்வை மட்டும் அப்பா தலைக்கு மேலே, வானத்தில்.

விசில். தள்ளினான்.

முதல் வளைவு சும்மா. இரண்டாவது வளைவில் படகு சுழல ஆரம்பித்தது. மூன்றாவது வளைவுக்கு அப்புறம் ஓர் இருட்டுக் குகை. உள்ளே ஒரு பள்ளம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பொத்தென்று விழுந்தோம். தலைக்கு மேல் தண்ணீர். அந்த இருட்டில் இரண்டு குரல்கள் கேட்டன.

"ஏலே தம்பி! கெட்டியாப் புடிச்சுக்கோ!"

"அண்ணே!"

வெளிச்சத்துக்கு வந்தபோது பெரியப்பாவின் கை அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது. தாமிரபரணியில் அப்பாவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பாதான் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கை மறக்கவில்லை போலிருக்கிறது. ஒரு வினாடி. உடனே கையை எடுத்துவிட்டார். "உங்க அப்பன் அப்பமும் இப்படித்தாம்லே, தண்ணியில கண்ணை மூடிக்கிடுவான்" என்றார் என்னிடம். எக்ஸ்சேஞ்ச் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. ஆனால் லைனில் இரைச்சல் குறைந்திருந்தது.

மத்தியானம் செயற்கை அலைக் குளம். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள். அதற்குள் பெரிய விசிறி காற்றை அழுத்தி அழுத்தி விடும். தண்ணீர் அலையாகப் புரண்டு வரும். இப்படிப் பல குளங்கள் வேலை செய்கின்றன. சைரன் ஊதியதும் ஊரே உள்ளே ஓடியது. சேலையோடு இறங்கக்கூடாது என்பதால் அத்தை கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இந்தப் பக்கம் ஒரு கிளி, அந்தப் பக்கம் ஓர் அன்னாசி.

அலை ஓய்ந்தபோது அத்தை யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நான் எத்தனை வருஷம் இருக்கப்போறேன்? நான் போனப்புறம் கிணத்தை வெட்டிக்கோங்க, வீட்டை வித்துக்கோங்க, என்ன வேணா செய்யுங்க. இப்ப வித்தா நான் எந்த வீட்டுத் திண்ணையில போய் உக்கார? அதை மட்டும் ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் ஒருவர் எழுந்து செருப்பை மாட்டியிருப்பார். மற்றவர் பேப்பரை விரித்திருப்பார். இங்கே செருப்பும் பேப்பரும் லாக்கரில். ஈர டிராயரோடு எழுந்து கோபமாக நடக்கவும் முடியாது, வழுக்கும். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப நேரம். அடுத்த சைரன் வரைக்கும்.

சாயங்காலம் வேன் கிளம்பியது. பெரியப்பா சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். வேன், டிக்கெட், லாக்கர், உடை வாடகை, பஜ்ஜி, டீ எல்லாம் எழுதிக் கூட்டி, கீழே கோடு போட்டு இரண்டால் வகுத்தார். வழக்கமாக நோட்டு என்னிடம்தான் வரும். அன்றைக்கு என்னைத் தாண்டி நேரே முன் சீட்டுக்குப் போனது.

"இந்தா, உன் பங்கு. பாத்துக்கோ."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காரமடை வரைக்கும் பார்த்தார். பேங்க் ஆசாமி அல்லவா.

"பஜ்ஜியை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க அண்ணே."

"எங்கலே?"

"இங்க. இதோ."

அங்கே ஆரம்பித்த சண்டை கோயம்புத்தூர் ஜங்ஷன் வரைக்கும் நடந்தது. நான் குறுக்கே போகவில்லை, யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. அத்தை பின் சீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் பெரியப்பா நேரே அப்பாவுக்கே போன் செய்தார். அத்தை காலம் வரைக்கும் பின்கட்டையும் கிணற்றையும் யாரும் தொடுவதில்லை என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முன்கட்டு பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது, சத்தமாகவே. பஜ்ஜி விஷயம் மட்டும் தீரவில்லை.

நீங்களும் பந்துக்களோடு போவதாக இருந்தால் மூன்று விஷயம்: சனி ஞாயிறு வேண்டாம், கூட்டம். மாற்றுத்துணி தலைக்கு இரண்டு. பேசாத ஆட்களைப் படகுக்காரப் பையனிடம் விட்டுவிடுங்கள், சீட் நீங்கள் ஒதுக்காதீர்கள்.