எரியாத விறகு

கலிஃபோர்னியாவில் குளிரே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 டிசம்பரில் ஃப்ரீமாண்ட்டில் மைத்துனன் வீட்டில் ஒரு மாசம் இருந்தேன். மாமனாரும் வந்திருந்தார். பகலில் கொடைக்கானல். ராத்திரியில் ஃப்ரிட்ஜ்.

ஹாலில் செங்கல் கட்டிய கணப்பு ஒன்று உண்டு. ஆனால் இஷ்டத்துக்கு விறகு எரிக்க முடியாது! சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி மலைகள். குளிர்கால ராத்திரியில் காற்று அசையாமல் நிற்கும். புகையும் கூடவே நிற்கும். அதனால் 2008-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். காற்று கெட்டிருக்கிற நாளில் விறகு எரித்து முதல் தடவை மாட்டினால், புகையின் தீமைகள் பற்றிப் பாடம் படிக்கணும், இல்லாவிட்டால் 100 டாலர் அபராதம். 2016 நவம்பரிலிருந்து, கட்டுகிற புது வீடுகளில் விறகுக் கணப்பே கூடாது.

"அத்தான், கேஸ் கட்டை போட்டுடலாம். ஆளைக் கூப்பிட்டா சொத்தை எழுதிக் கேப்பான். நாமளே மாட்டிடலாம்" என்றான் மைத்துனன்.

அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே ஓக் மரக் கட்டைகள். பட்டை, கணு, கோடாலி வெட்டு எல்லாம் அச்சு அசல். தூக்கிப் பார்த்தால் சிமெண்ட்! அது எரியாது, அடியில் இருக்கிற பர்னர்தான் எரியும். பர்னர்மேல் மணல் பரப்பி, கட்டைகளைப் படத்தில் உள்ளபடியே அடுக்கணும். மாற்றி வைத்தால் தீ கட்டையில் முட்டிக் கரி படியும். கேஸ் குழாய் ஏற்கெனவே கணப்புக்குள் இருந்தது. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. கடைசியில் ஒரு சின்ன இரும்புக் கொக்கியும் போல்ட்டும் மிச்சம்.

"ஸ்பேர் போலிருக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தீ அழகாக ஆடியது. ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக மேலே போய்விடுகிறது. இது மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "காசு கொடுத்து ஆகாசத்துக்கா குளிர் காயறது?" என்று, நாங்கள் டிவி பார்க்கும்போது, புகைபோக்கியின் இரும்பு மூடியைச் சமையலறை இடுக்கியால் இழுத்துச் சாத்திவிட்டார்.

ஹால் கதகதவென்று ஆனது. "பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்றார் பெருமையாக. எனக்கு லேசாகத் தலைவலி. சாயங்காலக் காபி தவறிப்போனதுதான் காரணம் என்று நினைத்தேன்.

திடீரென்று சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி காது கிழியக் கத்தியது. கார்பன் மோனாக்ஸைடு அலாரம். மைத்துனன் கேஸை மூடினான். எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். மாமனார் குரங்குக் குல்லாயுடன்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஒருவர் மீட்டரோடு உள்ளே போய்விட்டு வந்து விளக்கினார். போதிய காற்று இல்லாமல் கேஸ் எரிந்தால் இந்த விஷ வாயு வரும். சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றம் சேர்க்கிறார்கள். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால் ஒன்று முதல் நாலு மணி நேரத்துக்குள் அலாரம் அடிக்கும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிஷத்துக்குள்.

"புகைபோக்கி மூடி முழுசாகச் சாத்த முடியாமல் ஒரு கொக்கி மாட்டுவார்களே, அது எங்கே?" என்று கேட்டார்.

மைத்துனன் மெதுவாகச் சட்டைப் பையில் கை விட்டான்.

மறுநாள் லைசென்ஸ் உள்ள ஆள் வந்து அதை மாட்டினார். பத்தே நிமிஷ வேலை.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக, எங்கள் பாத்ரூமில் இருந்த கேஸ் கீஸரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில் அதுவும் இதே வாயுவைத்தான் கக்கும். கத்துவதற்கு அங்கே வெள்ளைப் பெட்டியும் இல்லை.

மாமனார் இப்போதும் சொல்கிறார்: "என்ன இருந்தாலும் அன்னிக்கு ஹால் நல்லா கதகதன்னுதான் இருந்தது, மாப்பிள்ளை!"