“அது என்ர டொக்கு இல்ல, கண்ணு!” - அப்பாவின் கான்டெஸா மறுபடி ஓடிய கதை

எங்கள் வீட்டுப் பொடக்காலியில் இருபது வருடமாக ஒரு கார் நின்றது. மேலே நீலத் தார்ப்பாய், அது பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல். பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருக்கிறது. டிக்கியில் அம்மா தேங்காய் மட்டை அடுக்கியிருக்கிறார். வீட்டுக்கு வரும் தோழிகள் “யாரு காருடி?” என்று கேட்டால், “அப்பாவோட முதலாளி குடுத்தது” என்பேன். அம்மா அதற்கு வைத்திருந்த பெயர் ‘செட்டில்மென்ட்’. “அந்த செட்டில்மென்ட்டு மேல துணியக் காயப்போடு கண்ணு” என்பார், சாதாரணமாக.

அது 1987-ம் வருடத்து கான்டெஸா. அப்பா கோவையில் ஒரு மில் முதலாளிக்கு டிரைவர். புது வண்டியாக வந்த அன்று சாவியை வாங்கியவர், 2003-ல் மில் மூடும் வரை 16 வருடம் அதை ஓட்டினார். கடைசியில் ஆறு மாதச் சம்பளம் பாக்கி. கையில் காசில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து காரை எடுத்துக்கொள் என்றார்கள். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயருக்கு மாறியது.

ரிப்போர்ட்டர் ஆன பிறகு ஒருநாள் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பாவின் கடைசிச் சம்பளம் 3,500 ரூபாய். பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுக்க வேண்டும். 16 வருடத்துக்கு சுமார் 32,300 வந்தது. சம்பள பாக்கியைச் சேர்த்தால் 53,000-க்கு மேல். காருக்கு அந்த வருடம் பழைய இரும்புக்காரர் கேட்ட விலை 18,000. அதற்கும் அப்பா கொடுக்கவில்லை. நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம் அது. ஃபீஸ் கட்ட அம்மாவின் தோடு போனது.

பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் 2005-ல் வண்டி பொடக்காலிக்குப் போனது. அப்பா வாடகை டாக்ஸிக்குப் போனார்.

சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ‘இந்தியாவின் மசில் கார்’ என்று ஒரு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். கான்டெஸாவுக்கு நெட்டில் இருக்கும் மவுசு அப்போதுதான் தெரிந்தது. கறுப்பு பெயின்ட், அகல டயர், உறுமுகிற சைலன்ஸர்... பையன்கள் உருகுகிறார்கள்.

உண்மையில் மசில் கார் என்பது அமெரிக்கச் சரக்கு. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்துதான் பெரும்பாலும் அந்தக் கதையைத் தொடங்குவார்கள். நடுத்தர சைஸ் காருக்குள் 6.4 லிட்டர் வி8 இன்ஜின். கான்டெஸாவின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே ஓய்வுபெற்றுவிட்ட வாக்ஸால் விக்டர் காரின் கடைசித் தலைமுறையைத்தான், 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் கான்டெஸாவாகத் தயாரிக்கத் தொடங்கியது. நீளமான பானெட், அகலமான மூஞ்சி, இன்ஜின் விசை பின்சக்கரத்துக்கு. பார்வைக்கு மசில் காரேதான். ஆனால், உள்ளே இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன்! பயில்வான் உடம்புக்குள் கணக்குப்பிள்ளை என்று ஸ்கிரிப்ட்டில் எழுதினேன். இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் பிறகு வந்தன. 2002-ல் கான்டெஸா நின்றுபோனது.

ஊருக்குப் போனபோது அந்த வீடியோவை அப்பாவுக்குப் போட்டேன். அவருக்கு சர்க்கரை நோயில் இரண்டு கண் பார்வையும் மங்கி நாலு வருடமாகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைக்கும்போதுகூட முதலில் கையால் தடவிப் பார்ப்பார். போனைக் காதருகே பிடித்துக் கேட்டுவிட்டு, “இது இசுசு இன்ஜின். நம்முளுது இல்ல” என்றார். பிறகு, “நம்முளுது இத்தன நேரம் துரு புடிச்சு ஜாமாயிருக்கும்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்கூட்டர் வாங்க 90,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது, அவர் அரிசி களைவதை நிறுத்தவே இல்லை. “அந்தச் செட்டில்மென்ட்டு என்ர தோட்டத் தின்னுச்சு. இப்ப உன்ர ஸ்கூட்டரத் திங்கட்டும்.”

அம்பாசடர் வேலையே பார்த்து வயதான ஒரு மெக்கானிக் அண்ணன் கணபதியில் கிடைத்தார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போனோம். பிளக்கைக் கழற்றி, உள்ளே டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். பிறகு ஸ்பேனர் போட்டுத் திருப்பினால், இன்ஜின் முக்கால் இன்ச் அசைந்தது. “உசுரு இருக்குது” என்றார். அம்பாசடரின் இன்ஜின் என்பதை நான் நக்கலடித்திருந்தேன் இல்லையா? அதுதான் எங்களைக் காப்பாற்றியது. பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் தேடாமலே கிடைத்தன. கதவு பீடிங், பின்லைட் கண்ணாடி மாதிரி கான்டெஸாவுக்கே உரியவைதான் கண்ணில் படவில்லை. நாலு சனிக்கிழமை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், “உங்க வீட்ல ஆம்பளைங்க இல்லையாம்மா?” என்றார். அவரிடம்தான் பின்லைட் இருந்தது, அதனால் பதில் சொல்லவில்லை.

இன்ஜின் ஹெட் லேத் பட்டறைக்குப் போனபோது ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். வால்வு வந்து அடிக்கிற இடம் தேயாமல் அதுதான் மெத்தை மாதிரி காத்தது. 2000-ம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. இப்போதைய பெட்ரோலில் ஓட வேண்டுமென்றால், எக்ஸாஸ்ட் வால்வு உட்காருகிற இடத்தைக் குடைந்து கெட்டியான எஃகு வளையம் பொருத்த வேண்டும். பெட்ரோலோடு எத்தனால் வேறு 20 சதவிகிதம் சேர்க்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது. டேங்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை எல்லாக் குழாயையும் மாற்றினோம். பாயின்ட் செட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன். பின்சீட்டுக்கு சீட் பெல்ட். வெளியே தெரியாத இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களோடு நின்றுகொண்டோம். ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கிறதே என்று பவர் ஸ்டீயரிங் விசாரித்தேன். 40,000 சொன்னார்கள். கையில் காசில்லை என்பதால், ‘ஒரிஜினல் ஒரிஜினலாகவே இருக்கட்டும்’ என்ற கொள்கைக்கு மாறினேன்.

இன்ஜின் மாற்றும் ஆசையும் வந்து போனது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ‘வின்டேஜ்’ என்று தனிப் பதிவு வாங்கலாமா என்றால், அதற்கு 50 வயதாக வேண்டும். எங்கள் வண்டிக்கு 38.

மிஞ்சியது நிறம். ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும். பரவாயில்லை, பதிந்துகொள்ளலாம் என்று இருந்தேன். எனக்கு மேட் கறுப்புதான். போனில் 40 படம் சேர்த்து வைத்திருந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, “உன்ர காசு, உன்ர இஷ்டம்” என்றார். ‘சரி’ என்று அவர் சொல்லவில்லை.

பெயின்ட் வேலையை முதலில் வேறொரு பட்டறையில் விட்டு ஏமாந்தேன். அட்வான்ஸ் 15,000 போனது, ஒன்றரை மாதத்தில் வண்டிமேல் தூசி ஏறியதுதான் மிச்சம். திருப்பி எடுத்துவந்த அன்று, அப்பா ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். “ரெண்டு வீல் கப் எங்க?” என்றார். கண் தெரிகிற நான் கவனிக்கவில்லை.

மெக்கானிக் அண்ணனுக்குத் தெரிந்த டிங்கர் ஒருவர் வந்தார். துணி சுற்றிய காந்தத்தை பாடி மேல் இழுத்துக்கொண்டே போனார். தகடு இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் விழுந்துவிடும். பின்பக்க இடது மட்கார்டில் ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. “பெரிய டொக்கு ஏதோ விழுந்திருக்குது. தகடு தட்டாம பட்டியவே அப்பி மூடிருக்காங்க. இப்படியே மேல பெயின்ட் அடிச்சரலாம், இல்லீனா பிரிச்சு வேற தகடு வெக்கோணும். பத்து பதினஞ்சாயிரம் கூட ஆகும்” என்றார்.

நான் ‘அப்படியே விடுங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அந்த இடத்தில் விரல் மடக்கித் தட்டினார். பானையைத் தட்டுவதுபோல மொத்தையான சத்தம்.

“பிரிச்சுருங்க. அது என்ர டொக்கு இல்ல.”

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில்தான் சொன்னார். 1994. முதலாளியின் மகனுக்குப் பத்தொன்பது வயது. ராத்திரி யாருக்கும் தெரியாமல் காரை எடுத்துப்போய், சூலூர்ப் பக்கம் ஒரு பாலத்துச் சுவரில் உரசிவிட்டான். விடிகாலையில் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டி அழுதிருக்கிறான். ‘நான்தானுங்க இடிச்சுட்டேன்’ என்று முதலாளியிடம் அப்பா சொன்னார். மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு யாரிடமும் இதைப் பற்றி அவர் பேசவில்லை.

“ஏம்ப்பா சொன்னீங்க?”

“சின்னப் பையன். அழுதான்.”

“அவரு வந்து உண்மையைச் சொன்னாரா, அப்புறமாவது?”

அப்பா ஆட்டோக்காரரிடம், “லெப்ட்ல போங்க தம்பி, வேகத்தடை இருக்குது” என்றார்.

எனக்குக் கோபம் முதலாளி மகன்மேல் வந்ததைவிட அப்பாமேல் அதிகமாக வந்தது. அதே கோபத்தோடு அம்மாவிடம் போய்க் கொட்டிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அப்பாவுக்கு தோசை ஊற்றும்போது மட்டும், “மில்லுல பஞ்சப்படி குறைச்சுட்டாங்கன்னுதானே அப்பச் சொன்னீங்க?” என்று கேட்டார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இரண்டு நாள் கழித்து, நான் ரயிலுக்குக் கிளம்பும் நேரம், அம்மா ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தார். சீட்டு எடுத்த பணம், 15,000. “அந்தப் பையன் இடிச்சதச் சரி பண்றதுக்கு. கறுப்பு அடிக்கறதுக்கு இல்ல.”

போனில் இருந்த 40 படத்தையும் ரயிலிலேயே அழித்தேன்.

மொத்தம் 1,78,000 ஆனது. தகடு புதிதாக வைத்து, வெள்ளையே அடித்தோம். இன்ஜின் முதல்முறை ஸ்டார்ட் ஆன அன்று வீடியோ எடுக்க மறந்துவிட்டேன், டிஜிட்டல் டெஸ்க் வேலை பார்ப்பவள் சொல்லக் கூடாத விஷயம். புகை அடங்கியதும் மெக்கானிக் அண்ணன் “எப்படீங்க இருக்குது?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பானெட்டின் மேல் காதை வைக்காத குறையாகக் குனிந்து, “மூணாவது சிலிண்டர்ல டேப்பெட் அடிக்குது” என்றார். அளந்து பார்த்தார்கள். அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து எஃப்.சி. வேலை. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022-ல் 5,000 ஆக்கிவிட்டிருந்தார்கள். அப்புறம் தாமதத்துக்குத் தனியாக, பசுமை வரி தனியாக. அந்த ஆபீஸ் கதையை எழுதினால் இன்னொரு கட்டுரை வரும். விடுங்கள், பாஸ் ஆனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். நான் ஸ்டீயரிங்கில். அப்பாவைப் பின்னால் உட்காரச் சொல்லி கதவைத் திறந்து வைத்தேன். முதலாளி மாதிரி ஒருநாள் உட்காரட்டுமே என்று எனக்கு ஓர் ஆசை. அவர் கதவைத் தடவிப் பார்த்துச் சாத்திவிட்டு, முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். “பொறத்தால உக்காந்தா இன்ஜின் சத்தம் சரியாக் கேக்காது.”

சந்திலிருந்து வெளியே எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஸ்டீயரிங் திரும்ப மாட்டேன் என்கிறது.

“நின்ன வண்டியத் திருப்பாத கண்ணு. கொஞ்சம் உருளட்டும், அதுவா வரும்.”

உருளவிட்டேன். வந்தது.

அம்மா பின்சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்திருந்தார். சத்தி ரோட்டில் ஏறியதும், “அவரு இங்கதான் உக்காருவாராக்கு?” என்று கேட்டார்.

“ஆமா. அதே பக்கந்தான்.”

அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு நடுவில் நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் எனக்கு அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, “ஏனுங்க... பழைய இரும்புக்காரன் அன்னிக்குப் பதினெட்டாயிரம் கேட்டானே. இப்ப வித்தா என்ன போகும்?” என்றார்.

அப்பா கையை நீட்டி, கியர் கம்பியின் மேலிருந்த என் கையைத் தேடித் தொட்டார்.

“மூணாவது போடு கண்ணு. இன்ஜின் முனகுது பாரு.”