சும்மா சுத்தற சக்கரம்

காலாண்டு லீவுக்கு அக்கா பையன் வந்திருந்தான். அம்பத்தூர்ல எட்டாவது படிக்கிறான். எப்பவும் பஸ்ஸை விட்டு இறங்கினதும் "மாமா, எங்க நின்னா டவர் கிடைக்கும்?"னு கேட்கிற பையன். இந்தத் தடவை ஒரு அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இறங்கினான். போளூர்ல ஏறினதுல இருந்து ஜமுனாமரத்தூர் வர்ற வரைக்கும் மடியை விட்டு இறக்கவே இல்லையாம்.

பெட்டிக்குள்ள ஒரு ரிமோட் லாரி. நிஜ லாரியில பத்துல ஒரு பங்கு அளவு, ஒரு முழ நீளம் இருக்கும். கடையில சுவத்துல முட்டி முட்டித் திரும்புமே, அந்த மாதிரி பொம்மை இல்லைங்க. நாலு சக்கரத்துக்கும் இழுவை, முன்னாடி ஒரு டிஃபரன்ஷியல், பின்னாடி ஒரு டிஃபரன்ஷியல், 7.2 வோல்ட் பேட்டரி. யாரோ ஓட்டிப் பழசாக்கினதை, ஒரு வருஷமா காசு சேர்த்து வாங்கியிருக்கான். களத்துல விட்டான். எங்க வீட்டு நாய் துரத்திப் பார்த்து, முடியாம வந்து படுத்துடுச்சு.

ஆனா அவன் ஆசை களம் இல்லை. வீட்டுக்குப் பின்னாடி ஒரு பாறைச் சரிவு இருக்கு. அதுக்கு மேலதான் எங்க சாமைக் கொல்லை. கதிர் வாங்கற நேரம். லாரியைப் பாறை மேல ஏத்திக் கொல்லை வரைக்கும் கொண்டுபோகணும், அதை போன்ல வீடியோ எடுத்து ஸ்கூல் பசங்களுக்குக் காட்டணும். இதுக்குத்தான் சென்னையில இருந்து தூக்கிட்டு வந்திருக்கான்.

பாதிப் பாறைகூட ஏறலை. முன்னாடி இடது சக்கரமும் பின்னாடி வலது சக்கரமும் அந்தரத்துல தூக்கிக்கிச்சு. அந்த ரெண்டும் விர்ர்ருனு சுத்துது. தரையில இருக்கிற ரெண்டும் அசையவே இல்லை. பையன் விசையை அழுத்த அழுத்த, அந்தரத்துல இருக்கிறது இன்னும் வேகமா சுத்துது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தா தோசைக்கல்லு மாதிரி சுடுது.

திண்ணையில உட்கார்ந்திருந்த எங்கம்மா சொன்னாங்க: "தூக்கின பக்கம் ஒரு கல்லு வையுடா."

பையன் ஆயாவைத் திரும்பிப் பார்த்துட்டு, ஒரு கல்லை எடுத்துப் பின்பக்க வலது மூலையில வச்சான். சக்கரம் கீழ இறங்கிப் பாறையில பட்டது. வண்டி ஒரு அடி முன்னாடி போச்சு. "ஆயா, உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டான்.

அம்மா சிரிச்சாங்க, பதில் சொல்லலை. எனக்குத் தெரியும்.

2009 அக்டோபர். நல்ல மழை. தரையில பாய் போட்டுப் படுத்திருந்த அம்மாவை ராத்திரி கட்டுவிரியன் கடிச்சுடுச்சு. அது கடிச்சா வீக்கமும் இருக்காது, பெரிசா வலியும் இருக்காது. எறும்புதான் கடிச்சிருக்கும்னு திரும்பிப் படுத்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல வயித்து வலி. அப்புறம் கண் இமை தானா சரிய ஆரம்பிச்சதும்தான் எங்களுக்கு விளங்குச்சு. பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட பிக்கப் வண்டி இருந்துச்சு. கூப்பிட்டதும் வந்துட்டார். அம்மாவைப் பின்னாடி படுக்க வச்சுக் கிளம்பினோம்.

ஊரைத் தாண்டின முதல் ஓடையில வண்டி நின்னுடுச்சு. பின்சக்கரம் ஒண்ணு சேத்துல, இன்னொண்ணு நல்ல கெட்டிப் பாறை மேல. கெட்டித் தரையில நிக்கிற சக்கரம் ஏன் வண்டியைத் தள்ளக் கூடாது? அது சும்மா நின்னுச்சு. சேத்துல இருக்கிறது மட்டும் சுத்திச் சுத்திக் குழி பறிச்சுது. நாங்க அஞ்சு பேர் பின்னாடி நின்னு தள்ளினோம். முகமெல்லாம் சேறு. வண்டி நகரலை. டிரைவர் இறங்கி வந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்: "தள்ளாதீங்க. சும்மா சுத்துது பாருங்க ஒரு சக்கரம், அதுக்கு மேல ஏறி நில்லுங்க." குழியில கல்லும் தழையும் போட்டுட்டு, நாங்க அத்தனை பேரும் அந்த மூலையில தொங்கினோம். வண்டி மெதுவா ஒரு உறுமு உறுமி மேல ஏறிடுச்சு.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து ஏத்திப் பொழைக்க வச்சாங்க. சேத்துல போன நேரம் இருபது நிமிஷம் இருக்கும். இன்னும் இருபது போயிருந்தா என்னன்னு நான் நினைச்சுப் பார்க்கிறதில்லை. கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தாலும் டிரைவர் சொன்னது அம்மா காதுல விழுந்திருக்கு. அதைத்தான் பேரனுக்குச் சொன்னாங்க.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான், இந்த டிஃபரன்ஷியல்னா என்னன்னு மெக்கானிக்குகளை விடாம கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பையனுக்கு எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். களத்துல தாம்பு ஓட்டறோம் இல்லையா, நாலு மாடு வரிசையாக் கட்டி. உள்பக்க மாடு நின்ன இடத்துலயே சுத்தற மாதிரி மெதுவா நடக்கும். வெளி மாடு ஓட்டமும் நடையுமா வரணும். எல்லாம் ஒரே அளவு நடந்தா வட்டம் போட முடியாது. வண்டிச் சக்கரமும் அப்படித்தான். என் டிராக்டர்ல ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல 1.3 மீட்டர். கொல்லை முனையில பாதி வட்டம் திரும்பினா, வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 4 மீட்டர் கூடுதலா ஓடணும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். பிரான்ஸ்ல பெக்கர்னு ஒரு கடிகாரக்காரர், 1820-களோட கடைசியில நீராவி வண்டிக்காக இதுக்குக் காப்புரிமை வாங்கினார்.

இது ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையை எப்பவும் சரிபாதியாத்தான் பிரிச்சுக் கொடுக்கும். அங்கதான் சிக்கல். சேத்துச் சக்கரம் பத்து கிலோ இழுவையைத்தான் தாங்கும்னா, கெட்டித் தரையில இருக்கிறதுக்கும் அதே பத்து கிலோதான் கிடைக்கும். அதுக்கு இருநூறு கிலோ இழுக்கத் தெம்பு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஓட்டமெல்லாம் சேத்துச் சக்கரத்துக்குப் போயிடும். அதனாலதான் அன்னைக்கு அந்தச் சக்கரத்து மேல பாரம் ஏத்தினோம்.

"அப்ப டிராக்டர் எப்படி மாமா சேத்துல போகுது?"னு கேட்டான்.

டிராக்டர்ல டிஃபரன்ஷியல் லாக் இருக்கு. என் வண்டியில சீட்டுக்குக் கீழ, வலது குதிகால்கிட்ட ஒரு பெடல். அழுத்தினா ரெண்டு சக்கரமும் ஒரே இரும்பா சேர்ந்துக்கும். காலை எடுத்தா விட்டுடும். நேரா போறப்ப மட்டும் அழுத்தணும். திரும்பறப்ப அழுத்தவே கூடாது. என் வண்டியில அந்தப் பெடலை மேல இழுக்கிற ஸ்பிரிங் அறுந்துபோய், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு ஒரு போகம் முழுக்க ஓட்டினேன். ஒருநாள் லாக் விழுந்தது விழுந்தபடியே நின்னுடுச்சு. வரப்புகிட்ட ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், வண்டி நேரா போகுது. முன்சக்கரம் வரப்பைத் தாண்டிக் கீழ்க் கொல்லையில இறங்கிடுச்சு. நான் குதிச்சதுல முழங்கால் போச்சு. மூணு மாசம் படுக்கை. மாமா ஏன் சாய்ஞ்சு நடக்கிறார்னு பையனுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு நாள் திண்ணையில லாரியைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்தோம். முதல்ல கியர். மோட்டார் தண்டுல 21 பல் பினியன், அது 84 பல் சக்கரத்தைச் சுத்துது. அதாவது நாலுக்கு ஒண்ணு. அச்சுல 13 பல்லுக்கு 39 பல், அது மூணுக்கு ஒண்ணு. மொத்தத்துல மோட்டார் 12 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. பையன் ரிச்சி தெருவுக்குப் பேட்டரி வாங்கப் போனப்போ 12 பல் பினியன் ஒண்ணும் வாங்கி வச்சிருந்தான். போடத்தான் பயம். அதைப் போட்டா 21-க்கு ஒண்ணு ஆகும். வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும், ஆனா இழுவை ஒண்ணே முக்கால் மடங்கு. மோட்டாரும் திணறிச் சுடாது.

முந்தின சனிக்கிழமைதான் அவனைக் காவலூருக்குக் கூட்டிட்டுப் போய், 1986-ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காட்டியிருந்தேன். அதுவும் மோட்டாரும் பல்சக்கரமும்தான்டா, வானத்தோட சேர்ந்து 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு சுத்துங்கற கணக்குல நகரணும்னேன். "அப்ப அதுதான் உலகத்துலயே பெரிய லோ கியர்"னு சொன்னான். மலையில வேகம் பெரிசில்லைனு அதுக்கப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கலை.

பினியன் மாத்தறது சின்ன வேலை. குட்டி அல்லன் கீ வச்சு ஸ்க்ரூவைத் தளர்த்தணும். புதுசு போடறப்ப, தண்டுல தட்டையா சீவின பக்கத்துலதான் ஸ்க்ரூ உட்காரணும், இல்லைன்னா வழுக்கும். ரெண்டு பல்லுக்கும் நடுவுல பேப்பர் துண்டு ஒண்ணு வச்சு, மோட்டாரை நெருக்கி முடுக்கிட்டு, பேப்பரைச் சுத்தி வெளிய எடுத்தா சரியான இடைவெளி கிடைக்கும். ரொம்ப நெருக்கினா பல் தேயும், விலகினா பல் உடையும்.

அடுத்து டிஃபரன்ஷியல். நாலு ஸ்க்ரூ கழட்டினா உள்ள நம்ம டிராக்டர்ல இருக்கிற அதே குடும்பம், கட்டைவிரல் அளவுல: ரெண்டு பக்கப் பல்சக்கரம், நடுவுல ஸ்டார் பினியன். கிரௌனைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பக்கத்தை முன்னாடி சுத்தினா மறுபக்கம் பின்னாடி சுத்துது. பையன் அதையே பத்துத் தடவை சுத்திப் பார்த்தான்.

இதைப் பூட்டணும். பையன் பையில அரால்டைட் வச்சிருந்தான், ஊத்தினா கல்லு மாதிரி ஆயிடும்னான். நான் வேண்டாம்னுட்டேன். "ஏன் மாமா, கெட்டியா இருக்குமே?" கெட்டியா இருக்கும்டா, திரும்ப எடுக்க முடியாதே. என் முழங்காலைக் காட்டினேன். எதைப் பூட்டினாலும் அவிழ்க்கிற மாதிரி பூட்டணும்.

கிரீஸை மண்ணெண்ணெய்ல துடைச்சு, சோப்புத் தண்ணியில கழுவிக் காயவச்சோம். வீட்டுல இருந்த குளூ குச்சியைப் பழைய கரண்டியில உருக்கி, பல்லுக்கு இடையில ஊத்தினோம். வேணாம்னா சூடு காட்டி உரிச்சுடலாம். பின்னாடி மட்டும்தான் பூட்டினோம், முன்னாடி சும்மா விட்டுட்டோம். திரும்பறதுக்கு ஒரு பக்கமாவது விட்டுக்கொடுக்கணும் இல்லையா? மூடி போட்டுச் சுத்திப் பார்த்தா, இப்ப ரெண்டு பக்கமும் ஒரே திசையில ஒண்ணாச் சுத்துது.

மறுநாள் காலையில பாறையில விட்டான். அதே இடத்துல அதே மாதிரி சக்கரம் தூக்குச்சு. ஆனா பின்னாடி தரையில இருந்த சக்கரம் சும்மா நிக்கலை. ஒரு உந்து உந்துச்சு, ஏறிடுச்சு. ரெண்டு தடவை கவுந்துச்சு, நிமிர்த்தி விட்டான். சாமைக் கொல்லை வரப்புல போய் நின்னப்போ அம்மா திண்ணையில இருந்து எழுந்து நின்னு பார்த்தாங்க. அப்புறம் அவங்களே பேரனைப் பக்கத்துல உட்கார வச்சு, அந்த ஓடை ராத்திரியை முதல் தடவையா வாயைத் திறந்து சொன்னாங்க. நாங்க தொங்கினது, தழை போட்டது, எல்லாம். எனக்கே தெரியாத ஒண்ணும் சொன்னாங்க. வண்டி நின்ன அந்த இருபது நிமிஷமும் என் குரல் கேட்குதா, கேட்குதான்னு எண்ணிக்கிட்டே இருந்தாங்களாம்.

அந்த ஓடைக்கு இப்போ சின்னப் பாலம் வந்துடுச்சு. எங்க மலையில ரோடே போகாத ஊர்களும் இருக்கு. அங்கெல்லாம் ஆள் தோள்ல டோலி கட்டித்தான் இறக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை பையன் போன் பண்ணினான். "மாமா, டைல்ஸ் தரையில லாரி திரும்பவே மாட்டேங்குது. கீச்சுகீச்சுன்னு இழுத்துக்கிட்டுப் போகுது. குளூவை எடுத்துடட்டுமா?"

உன் வண்டி, உன் இஷ்டம்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். "பொங்கலுக்கு வருவேன்ல, அது வரைக்கும் இருக்கட்டும்"னான். அப்புறம், "ஆயாகிட்ட கொடுங்க"ன்னான். கொடுத்துட்டுக் கொல்லைக்குப் போயிட்டேன். டிராக்டர் பெடலுக்குப் புது ஸ்பிரிங் போட்டு வருஷமாச்சு. இருந்தாலும் கிளப்பறதுக்கு முன்னாடி குதிகாலால ஒரு தடவை அழுத்தி, மேல வருதான்னு பார்த்துட்டுத்தான் ஏறுவேன்.