எலியும் துபாஷியும்

தென்காசியில் சாரல் காலத்தில் எது ஓடாவிட்டாலும் குற்றாலத்து ஈரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் என் மௌஸ் நின்றபோதும் அப்படித்தான். "ஈரம் இறங்கிட்டு, அண்ணாச்சி. செத்துப் போச்சு, புதுசு வாங்குங்க" என்றார் கடைக்காரர்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். என் கம்ப்யூட்டரை நம்பி வந்தவள், மௌஸைத் தோழி வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"மாமா, அங்கே நல்லா ஓடுது! சாகலை!"

பின் என்னதான் கோளாறு? 1747-இல் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை டூப்ளேக்குத் தலைமைத் துபாஷி ஆனாரல்லவா? மௌஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலும் அப்படி ஒரு துபாஷி உண்டு. டிரைவர் என்று பெயர். இங்கே துரை மாறிவிட்டார். பழைய துபாஷிக்குப் புதுத் துரையின் பாஷை புரியவில்லை.

மௌஸ் இல்லாமலே அவள் காரியத்தைத் தொடங்கினாள். விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் தட்டினாள். சாதனங்களின் பட்டியல் வந்தது. டேப், அம்பு விசைகளால் நகர்ந்து மௌஸின் பெயரை அடைந்தாள். ஷிஃப்ட்டும் எஃப்-10-உம் சேர்த்து அழுத்தி, பழைய டிரைவரை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினாள். கம்ப்யூட்டர் தானே புதுத் துபாஷியை நியமித்துக்கொண்டது. திரையில் அம்புக்குறி அசைந்தது.

எட்டாம் வகுப்பில், இங்கிலீஷில் கணக்கு நடத்தியபோது, இதே பெண்ணை மக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் தமிழில் சொல்லிக் கொடுத்தார்.

அன்று மாலை அவள் அனுப்பிய விண்ணப்பம் கணிதப் பட்டப் படிப்புக்கு.